பிராங்கியோலைட்டிஸ்: கைக்குழந்தையின் மூச்சிரைப்பை வீட்டில் கவனிக்க முழுமையான வழிகாட்டி

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மூக்கு ஒழுகுகிறது. இரண்டு மூன்று நாளில் இருமல் கூடுகிறது. பிறகு மூச்சு வேகமெடுத்து, பால் குடிக்கவே திணறுகிறது. ‘சளி நெஞ்சில் இறங்கிவிட்டது’ என்று வீடுகளில் சொல்லப்படும் இந்த நிலைக்கு, அந்த வயதில் மிகப் பொதுவான காரணம் பிராங்கியோலைட்டிஸ். நுரையீரலுக்குள் கிளைகிளையாகப் பிரியும் மூச்சுக்குழாய்களின் கடைக்கோடியில் இருக்கும் மெல்லிய குழாய்கள் வைரஸ் தாக்கி வீங்குவதும், சளியும் உதிர்ந்த செல்களும் அவற்றை அடைப்பதும்தான் நோய். 3 முதல் 6 மாதக் குழந்தைகளிடம் அதிகம் காணப்படும்.

இந்த நோயின் நாட்களைக் குறைக்கும் மருந்து எதுவும் இதுவரை இல்லை என்பதைத் தொடக்கத்திலேயே தெரிந்துகொள்வது நல்லது. பாட்டில் பாட்டிலாக மாற்றிப் பார்ப்பதில் போகும் நேரத்தையும் பதற்றத்தையும் அது மிச்சப்படுத்தும். வீட்டில் ஆகவேண்டிய வேலை மூன்று: மூக்கைத் திறந்து வைப்பது, பாலை உள்ளே அனுப்புவது, மூச்சை எண்ணுவது. பெரும்பாலான குழந்தைகள் இதிலேயே தேறிவிடும். தேறாத குழந்தையை நேரத்தோடு அடையாளம் காண்பதும் இதே மூன்றை வைத்துத்தான்.

பெரியவர்களுக்குச் சளி, குழந்தைக்கு மூச்சிரைப்பு: ஏன்?

பெரும்பாலும் காரணம் ஆர்.எஸ்.வி. என்ற வைரஸ். 1956-இல் சளி பிடித்த சிம்பன்சி குரங்குகளிடம் இது முதன்முதலில் கண்டறியப்பட்டது. மனிதர்களிடம், குறிப்பாகக் குழந்தைகளிடம், பரவலாக இருப்பது அடுத்த சில ஆண்டுகளில் தெரியவந்தது. இரண்டு வயதுக்குள் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளையும் ஒருமுறையாவது தொட்டுவிடும். ரைனோ வைரஸ், மெட்டாநியூமோ வைரஸ், பாரா இன்ஃபுளுயன்சா போன்றவையும் இதே நோயை உண்டாக்கும்.

வீட்டுப் பெரியவருக்கு இதே வைரஸ் சாதாரணத் தடுமனாக வந்து போகும். வித்தியாசம் குழாயின் அளவில் இருக்கிறது. 8 மி.மீ. அகலக் குழாயின் சுவர் சுற்றிலும் 1 மி.மீ. வீங்கினால் காற்றுக்கான தடை சுமார் 3 மடங்காகும். 4 மி.மீ. குழாயில் அதே 1 மி.மீ. வீக்கம் தடையை 16 மடங்காக்கிவிடும். உள்ளே இழுத்த காற்று முழுதாக வெளியேற முடியாமல் நெஞ்சு உப்பிக்கொள்ளும். மூச்சை வெளியே விடும்போது ‘வீஸ்’ என்ற இளைப்புச் சத்தம் வரும்.

ஆஸ்துமாவுக்குக் கொடுக்கும் சால்பியூட்டமால் நெபுலைசர் இங்கே ஏன் பலன் தருவதில்லை என்பதும் இதிலிருந்தே புரியும். அந்த மருந்து, இறுகிய குழாய்த் தசையைத் தளர்த்துவது. இங்கே தசை இறுகவில்லை. குழாய் வீங்கி அடைத்திருக்கிறது.

நாட்கணக்கை எழுதி வையுங்கள்

மூக்கு ஒழுகத் தொடங்கிய நாளை முதல் நாள் என்று குறித்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு மூன்று நாட்கள் தும்மல், மூக்கடைப்பு, லேசான காய்ச்சல். 3 முதல் 5-ஆம் நாள் வரை நோய் உச்சத்தில் இருக்கும். அதன்பிறகு மூச்சு மெல்லச் சீராகும். இருமல் மட்டும் இரண்டு மூன்று வாரம் இழுக்கும்.

டாக்டரிடம் காட்டும்போதும் ‘இன்று எத்தனையாவது நாள்’ என்பது முக்கியமான தகவல். இரண்டாம் நாளில் ஓரளவு திணறும் குழந்தை இன்னும் மோசமாக வாய்ப்புண்டு. ஆறாம் நாளில் அதே அளவு திணறும் குழந்தை பெரும்பாலும் இறங்குமுகத்தில் இருக்கும். இரண்டாம் நாளில் பார்த்த டாக்டர் ‘பயமில்லை’ என்று சொன்னதை நான்காம் நாள் வரை நம்பியிருப்பது அடிக்கடி நடக்கும் தவறு.

படி 1: மூச்சை எண்ணுவது

குழந்தை தூங்கும்போதோ அமைதியாக இருக்கும்போதோ மட்டும் எண்ணுங்கள். அழுத உடனும், பால் குடித்த உடனும் எண்ணினால் கணக்கு தவறும். காய்ச்சலும் மூச்சை வேகமாக்கும் என்பதால் காய்ச்சல் இறங்கிய பிறகு மறுபடி எண்ணிப் பாருங்கள்.

சட்டையை நெஞ்சுக்கு மேல் ஏற்றி, வயிறும் விலாவும் தெரியும்படி வெளிச்சத்தில் கிடத்துங்கள். வயிறு மேலே எழும்பி இறங்குவது ஒரு மூச்சு. கைபேசியில் 60 நொடி வைத்து முழு நிமிடமும் எண்ண வேண்டும். 15 நொடி எண்ணி நான்கால் பெருக்குவது பெரியவர்களுக்குச் சரி. கைக்குழந்தை சில நொடி வேகமாகவும் சில நொடி மெதுவாகவும் மூச்சுவிடும் என்பதால் அந்தக் குறுக்குவழி பெரிய பிழையில் கொண்டுபோய் விடும். இரண்டு முறை எண்ணுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் வேகமான மூச்சு என்று வகுத்திருக்கும் எல்லைகள்: 2 மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல், 2 முதல் 11 மாதம் வரை 50 அல்லது அதற்கு மேல், 1 முதல் 5 வயது வரை 40 அல்லது அதற்கு மேல். இந்த எல்லையைத் தாண்டினால் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். எந்த வயதானாலும் 70-ஐத் தாண்டினால் நேராக மருத்துவமனைதான்.

நேரம், எண்ணிக்கை, தூக்கமா விழிப்பா என்று ஒரு தாளில் எழுதி வாருங்கள். காலை 42, மதியம் 48, இரவு 56 என்று ஏறிக்கொண்டே போகும் வரிசை, தனியான ஒரு எண்ணைவிட அதிகம் சொல்லும்.

படி 2: இழுப்பைப் பார்ப்பது, சத்தத்தைக் கேட்பது

எண்ணிக்கை மட்டும் போதாது. மூச்சுக்காகக் குழந்தை எவ்வளவு பாடுபடுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். மூச்சை உள்ளே இழுக்கும்போது விலா எலும்புகளுக்கு இடையிலும், விலாவின் கீழ் விளிம்பிலும், கழுத்தடிக் குழியிலும் தோல் உள்வாங்குகிறதா? மூக்குத் துவாரம் விடைக்கிறதா? ஒவ்வொரு மூச்சுக்கும் தலை ஆடுகிறதா? லேசாக உள்வாங்கினால் கூர்ந்து கவனியுங்கள். ஆழமாக உள்வாங்கினால், அல்லது தலை ஆடினால் கிளம்பிவிடுங்கள்.

சத்தங்களில் குழப்பம் வருவது இயல்பு. ‘கொர் கொர்’ என்பது பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் தேங்கிய சளி. கேட்க பயமாக இருந்தாலும் ஆபத்து குறைவு. ‘வீஸ்’ என்ற இளைப்பு இந்த நோயோடு வருவதுதான். மூச்சை விடும் ஒவ்வொரு முறையும் ‘ம்ஹ்... ம்ஹ்...’ என்று முனகுவதுதான் மோசமான அறிகுறி. நுரையீரலின் காற்றறைகள் சுருங்கிவிடாமல் இருக்கக் குழந்தையின் உடல் செய்யும் கடைசி முயற்சி அது.

இன்னொன்றையும் கவனியுங்கள். களைத்துப்போன குழந்தையின் மூச்சு வேகம் குறையும், சத்தமும் அடங்கும். முன்பு அழுது திணறிய குழந்தை துவண்டு அமைதியாகிவிட்டால் அதைத் தேறுவதாக நினைக்கக் கூடாது.

விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டரை நம்பி இருக்க வேண்டாம். பெரியவர்களுக்கான கிளிப் கைக்குழந்தையின் விரலில் சரியாகப் பொருந்தாது. கை கால் சில்லிட்டிருந்தாலும் குழந்தை உதைத்தாலும் தவறான எண் காட்டும். எண் நன்றாக இருந்து குழந்தை மோசமாகத் தெரிந்தால் குழந்தையையே நம்புங்கள்.

படி 3: மூக்கைத் திறப்பது

முதல் சில மாதங்களில் குழந்தை பெரும்பாலும் மூக்காலேயே மூச்சுவிடும். மூக்கு அடைத்தால் பால் குடிக்கவும் முடியாது, தூங்கவும் முடியாது. எனவே இந்த எளிய வேலைக்கு வேறு எந்தச் சிரப்பையும்விடப் பலன் அதிகம்.

தேவையானது 0.9 சதவீத உப்புநீர், அதாவது சலைன் மூக்குச் சொட்டு. வாங்கும்போது லேபிளில் சோடியம் குளோரைடு மட்டும்தான் இருக்கிறதா என்று பாருங்கள். சைலோமெட்டசோலின், ஆக்சிமெட்டசோலின் என்று எழுதிய சொட்டுகளும் ஏறக்குறைய இதே மாதிரி பாட்டிலில் வரும். அவை கைக்குழந்தைக்கு ஆகாது: அளவு சற்றுக் கூடினாலும் மயக்கமும் மூச்சுத் தளர்ச்சியும் உண்டாகும். சலைனை வீட்டிலேயே கரைக்க நினைத்தால் 100 மி.லி. தண்ணீருக்கு 0.9 கிராம் உப்பு என்பது கணக்கு. சமையலறைக் கரண்டியால் அதை அளக்க முடியாது. கடைச் சொட்டே நல்லது.

பாலுக்கு 10 அல்லது 15 நிமிடம் முன்பு செய்யுங்கள். பாட்டிலைச் சற்று நேரம் உள்ளங்கையில் பிடித்திருந்தால் சொட்டு சில்லென்று இருக்காது. குழந்தையை மல்லாக்கக் கிடத்தி, தலையை லேசாகப் பின்னால் சாய்த்து, ஒவ்வொரு துவாரத்திலும் 2 அல்லது 3 சொட்டு விடுங்கள். ஒரு நிமிடம் பொறுங்கள். பெரும்பாலும் தும்மலிலேயே சளி வந்துவிடும்.

வராவிட்டால் ரப்பர் உறிஞ்சி. முதலில் குமிழை அமுக்கி, பிறகு நுனியைத் துவாரத்தின் வாசலில் வைத்து, மெதுவாக விடுங்கள். நுனியை ஆழமாக நுழைக்க வேண்டாம். உள்ளே வைத்தபின் அமுக்கினால் சளியை இன்னும் பின்னால் தள்ளிவிடும். ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறைக்கு மேல் உறிஞ்சினால் மூக்கின் உட்தோல் வீங்கி, ரத்தம் கசிந்து, அடைப்பு கூடும். ஒவ்வொரு முறையும் உறிஞ்சியைச் சோப்பு நீரில் கழுவி உலர்த்துங்கள். பால் குடித்த உடன் செய்தால் வாந்திதான் வரும்.

படி 4: பாலும் சிறுநீரும்

மருத்துவமனையில் சேர்க்கப்படும் குழந்தைகளில் பலர் மூச்சுக்காக மட்டுமல்ல, பால் இறங்காததாலும்தான் சேர்க்கப்படுகிறார்கள். வேகமாக மூச்சுவிடும் குழந்தைக்கு உறிஞ்சி, விழுங்கி, மூச்சுவிடும் மூன்றையும் ஒருங்கே செய்யத் தெம்பு இருக்காது. உப்பிய நெஞ்சு வயிற்றையும் அழுத்தும் என்பதால் அதிகம் குடித்தால் இருமிக் கக்கிவிடும்.

வழி: அளவைப் பாதியாக்குங்கள், தடவையை இரட்டிப்பாக்குங்கள். 6 கிலோ குழந்தை புட்டிப்பால் மட்டும் குடிப்பதாக வைத்துக்கொள்வோம். கிலோவுக்கு 150 மி.லி. என்ற கணக்கில் நாளைக்கு 900 மி.லி.; ஆறு வேளைக்கு 150 மி.லி. வீதம். நோய் நாட்களில் இதையே 12 முறை, 75 மி.லி. வீதம் கொடுக்கலாம். வழக்கமான அளவில் முக்கால் பங்காவது, அதாவது 675 மி.லி. இறங்கினால் வீட்டில் சமாளிக்கலாம். அதற்குக் கீழே போனால் அன்றே டாக்டர். பாதிகூட, அதாவது 450 மி.லி. கூட இறங்காவிட்டால் மருத்துவமனை.

தாய்ப்பாலில் மி.லி. தெரியாது, எத்தனை முறை, எவ்வளவு நேரம் என்று கணக்கு வையுங்கள். ஒரு பக்கம் கொடுத்து, தோளில் நிமிர்த்திப் பிடித்து, மூச்சு அடங்கிய பின் மறுபக்கம் கொடுங்கள். உறிஞ்சவே முடியாவிட்டால் பாலைப் பிழிந்து சிறு கரண்டியால் ஊட்டலாம். ஆனால் மூச்சு 60-க்கு மேல் ஓடும்போது கட்டாயப்படுத்தி ஊட்டாதீர்கள். பால் நுரையீரலுக்குள் போய்விடும்.

ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குத் தனியே தண்ணீர் வேண்டாம். ‘சளி இளகட்டும்’ என்று பவுடர் பாலில் கூடுதல் தண்ணீர் கலப்பது அதைவிட ஆபத்து: ரத்தத்தில் சோடியம் குறைந்து வலிப்பு வரக்கூடும். ஆறு மாதம் தாண்டிய குழந்தை இரண்டு மூன்று நாள் திட உணவைத் தொடாவிட்டால் கவலை வேண்டாம். பால் இறங்கினால் போதும்.

பால் போதுகிறதா என்பதற்குச் சாட்சி சிறுநீர். நாளுக்கு ஆறு முறையாவது நனைக்கும் குழந்தை மூன்று முறையாகக் குறைத்தால் எச்சரிக்கை. 12 மணி நேரம் சிறுநீரே இல்லாவிட்டால் அவசரம். இப்போதைய டயாபர்கள் உறிஞ்சிக்கொண்டு உலர்ந்தது போலவே இருக்கும். உள்ளே ஒரு டிஷ்யூ தாளை வைத்தால் நனைந்தது தெரிந்துவிடும்.

படி 5: காய்ச்சல்

3 மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸோ (100.4 ஃபாரன்ஹீட்) அதற்கு மேலோ காய்ச்சல் இருந்தால் வீட்டு வைத்தியம் கிடையாது, உடனே டாக்டர்.

அதற்கு மேற்பட்ட குழந்தை காய்ச்சலில் சோர்ந்து பால் குடிக்காவிட்டால் பாராசிட்டமால் கொடுக்கலாம். கிலோவுக்கு 15 மில்லிகிராம், 4 முதல் 6 மணி நேர இடைவெளியில், 24 மணி நேரத்தில் 4 தடவைக்கு மிகாமல். 6 கிலோ குழந்தைக்கு ஒரு தடவைக்கு 90 மில்லிகிராம். இது எத்தனை மி.லி. என்பது பாட்டிலைப் பொறுத்தது. 1 மி.லி.க்கு 100 மில்லிகிராம் உள்ள சொட்டு மருந்தில் 0.9 மி.லி.; 5 மி.லி.க்கு 120 மில்லிகிராம் உள்ள சிரப்பில் 3.75 மி.லி.; 5 மி.லி.க்கு 250 மில்லிகிராம் உள்ள சிரப்பில் 1.8 மி.லி. 120 மில்லிகிராம் சிரப்பின் அளவைச் சொட்டு மருந்தில் எடுத்தால் நான்கு மடங்குக்கு மேல் போய்விடும். இந்தத் தவறு உண்மையில் நடக்கிறது, கல்லீரலைக் கெடுக்கும். ஒவ்வொரு முறையும் லேபிளைப் படித்து, ஊசியில்லாத சிரிஞ்சால் அளங்கள்.

பால் சரியாக இறங்காத குழந்தைக்கு ஐபுபுரூஃபென் தவிர்ப்பது நல்லது. நீரிழப்பில் அது சிறுநீரகத்தைப் பாதிக்கும். ஆஸ்பிரின் எந்தக் குழந்தைக்கும் வேண்டாம்.

தூக்கம், புகை

மல்லாக்கத்தான் தூங்க வைக்க வேண்டும், சளி இருந்தாலும். தலையணை வைத்து உயர்த்தினால் கழுத்து மடங்கி மூச்சு இன்னும் தடைப்படும். விழித்திருக்கும்போது நிமிர்த்தித் தோளில் போட்டுக்கொள்ளலாம். சிகரெட், அடுப்பு, கொசுவர்த்திச் சுருள் என்று எந்தப் புகையும் அந்த அறையில் கூடாது. வாசலில் நின்று புகைத்துவிட்டு அதே சட்டையோடு குழந்தையைத் தூக்குவதும் இதில் அடக்கம்.

செய்யக் கூடாதவை

ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது. கூடவே பாக்டீரியா தொற்று இருப்பதாக டாக்டர் கருதினால் மட்டும் அது வேண்டும். ஸ்டீராய்டு சிரப் பலன் தருவதில்லை. இருமல், சளி சிரப்புகளால் பலன் இல்லை என்பதோடு மயக்கமும் இதயப் படபடப்பும் வரக்கூடும். முதுகைத் தட்டிச் சளியை இறக்கும் முயற்சி குழந்தையைக் களைக்க வைக்கும், அவ்வளவுதான். தேன், ஒரு வயதுக்குள் கூடவே கூடாது. அதிலுள்ள பாக்டீரியா வித்துகள் பாட்டுலிசம் என்ற நரம்பு நோயைக் கொண்டுவரக்கூடும். கற்பூரமும் மெந்தாலும் கலந்த தைலத்தை இரண்டு வயதுக்குள் மூக்கிலோ நெஞ்சிலோ தடவாதீர்கள். கற்பூரம் உடலுக்குள் போனால் வலிப்பு வரும். தைல நெடி சளிச் சுரப்பைத் தூண்டி, குறுகிய குழாயை மேலும் அடைக்கும். வெந்நீர் ஆவி பிடிப்பதால் கிடைக்கும் ஆறுதலைவிடக் கொதிநீர் கொட்டிச் சுடுபடும் அபாயம் பெரிது.

எப்போது கிளம்ப வேண்டும்

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் ஆம்புலன்ஸ்:

மூச்சு 15 நொடிக்கு மேல் நின்றுபோவது, அல்லது நின்று உடல் நிறம் மாறுவது;
நாக்கு, ஈறு, உதட்டின் உட்புறம் நீலம் அல்லது சாம்பல் நிறமாவது (தோலின் நிறத்தைவிட இந்த இடங்களில்தான் தெளிவாகத் தெரியும்);
ஒவ்வொரு மூச்சுக்கும் முனகல், ஆழமான இழுப்பு, அல்லது நிமிடத்துக்கு 70-க்கு மேல் மூச்சு;
எழுப்பினாலும் விழிக்காத, துவண்ட குழந்தை.

வழியில் எதையும் ஊட்ட வேண்டாம். குழந்தைக்கு எந்த நிலையில் மூச்சு எளிதாக வருகிறதோ அப்படியே பிடித்திருங்கள்.

சில குழந்தைகளுக்கு இந்த எல்லை வரை காத்திருக்கவே கூடாது: 3 மாதத்துக்குட்பட்டவர்கள், குறைமாதத்தில், குறிப்பாக 32 வாரத்துக்கு முன் பிறந்தவர்கள், பிறவி இதய நோய், நாட்பட்ட நுரையீரல் நோய், நரம்புத்தசைக் குறைபாடு, எதிர்ப்பு சக்திக் குறைபாடு உள்ளவர்கள். பிறந்து சில வாரமே ஆன குழந்தைக்கு இருமலோ இளைப்போ வருமுன்பே மூச்சு நின்று நின்று வருவது முதல் அறிகுறியாக இருக்கலாம்.

இதுவாக இல்லாமலும் இருக்கலாம்

நாய் குரைப்பது போன்ற இருமலும், மூச்சை உள்ளே இழுக்கும்போது கரகரச் சத்தமும் வந்தால் அது குரூப் (croup) என்ற குரல்வளை வீக்கம். அங்கே ஸ்டீராய்டு நன்றாக வேலை செய்யும். 39 டிகிரிக்கு மேல் காய்ச்சல் நீடித்தால் நிமோனியாவா என்று பார்க்க வேண்டும். சளியே இல்லாமல், விளையாடிக்கொண்டிருந்த குழந்தைக்குத் திடீரென இருமலும் இளைப்பும் வந்தால் வாயில் போட்ட எதுவோ மூச்சுக்குழாயில் சிக்கியிருக்கலாம். வாரக்கணக்காகப் பால் குடிக்கும்போது வியர்த்து, எடையும் கூடாத குழந்தைக்கு இதயத்தைச் சோதிக்க வேண்டும். ஒரு வயதைத் தாண்டிய குழந்தைக்கு ஒவ்வொரு சளிக்கும் இளைப்பு வந்தால், அது வேறு பேச்சு. ஆஸ்துமா மருந்துகள் அங்கே உதவக்கூடும்.

மருத்துவமனையிலும் இதற்கென்று தனி மருந்து இருக்காது. தேவைப்பட்டால் ஆக்சிஜன் வைப்பார்கள், மூக்கு வழியே வயிற்றுக்குக் குழாய் போட்டுப் பால் கொடுப்பார்கள், அல்லது ரத்தக்குழாய் வழியே திரவம் ஏற்றுவார்கள். வீட்டில் செய்ததையே கருவிகளோடு செய்வதுதான் அது. ஊசி போடவில்லையே என்று மனம் குறைய வேண்டியதில்லை.

பரவலும் தடுப்பும்

ஆர்.எஸ்.வி. தும்மல் துளியில் மட்டும் வருவதில்லை. கடினமான பரப்புகளில் பல மணி நேரம் உயிர்ப்போடு இருந்து, கை வழியே கண்ணுக்கும் மூக்குக்கும் போகும். குழந்தையைத் தொடுமுன் 20 நொடி சோப்புப் போட்டுக் கை கழுவுவது அதனால்தான். பெரும்பாலும் வைரஸை வீட்டுக்குள் கொண்டுவருவது பள்ளிக்கூடம் போகும் அண்ணனோ அக்காவோதான். சளியுள்ள பிள்ளை கைக்குழந்தைக்கு முத்தம் கொடுப்பதைச் சில நாள் தள்ளிப்போடச் சொல்லுங்கள்.

கர்ப்பிணிகளுக்குக் கடைசி மாதங்களில் போடும் ஆர்.எஸ்.வி. தடுப்பூசியும், குழந்தைக்கு நேரடியாகப் போடும் நிர்செவிமாப் என்ற எதிர்ப்புரத ஊசியும் அண்மை ஆண்டுகளில் பல நாடுகளில் புழக்கத்துக்கு வந்திருக்கின்றன. உங்கள் பகுதியில் கிடைக்கிறதா என்று மகப்பேறு மருத்துவரிடமோ குழந்தை மருத்துவரிடமோ பிரசவத்துக்கு முன்பே கேட்டு வையுங்கள். ஒருமுறை நோய் வந்தால் மறுபடி வராது என்ற உறுதி இல்லை. பிந்தைய தொற்றுகள் பொதுவாக லேசாக இருக்கும்.

மூச்சு சீராகி, பால் பழையபடி இறங்கிய பின்பும் இரவில் இருமல் கேட்கும். மூன்று வாரம் வரை அதற்கு எதுவும் கொடுக்க வேண்டாம். நான்கு வாரம் தாண்டியும் இருமினாலோ, நின்ற காய்ச்சல் மறுபடி வந்தாலோ, எழுதி வைத்த அந்தத் தாளோடு டாக்டரைப் போய்ப் பாருங்கள்.